ஓதம் ஏறிய சுவரும் ஓயாத இழுப்பும்

"ஆடாதோடை மணப்பாகு கொடுத்தா நாலு நாள் நல்லா இருக்கான் டாக்டர். அஞ்சாம் நாள் மறுபடியும் இழுக்க ஆரம்பிச்சுடுது."

ஏழு வயதுப் பையனை மூன்றாவது முறையாகக் கூட்டிவந்த ஓர் அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். கார்த்திகை மாத அடைமழை நேரம். இருமலும் இழுப்பும் ராத்திரியில்தான் அதிகம். ஆனால் அத்தை வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது ஒரு தும்மல்கூட இல்லையாம்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. "பையன் எங்கேம்மா படுக்கிறான்?" என்று கேட்டேன்.

"பாத்ரூமை ஒட்டின ரூம். சுவரோரமா கட்டில். அந்தச் சுவர்ல பெயின்ட் உரிஞ்சு உரிஞ்சு விழுது, காலண்டர் மாட்டி மறைச்சு வெச்சிருக்கோம்."

காலண்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். மறுநாளே போன் வந்தது. பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம்!

'வைத்தியர் கொத்தனார் வேலையில் மூக்கை நுழைக்கிறாரே' என்று நினைக்கிறீர்களா? குளிர்ச்சியும் ஈரமும் கபத்தைக் கிளப்பும் என்பது சித்த மருத்துவத்தில் பாலபாடம். உலக சுகாதார நிறுவனமும் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சணம் பற்றித் தனியாகவே வழிகாட்டி வெளியிட்டு, ஆஸ்துமாவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொல்லியிருக்கிறது. சுவரை ஈரமாக வைத்துக்கொண்டு தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்தால் எவ்வளவு நாளைக்குத் தாங்கும், சொல்லுங்கள்.

"பாத்ரூம்லதான் டைல்ஸ் ஒட்டியாச்சே, தண்ணி எப்படி இறங்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பளபளப்பான டைல்ஸில் தண்ணீர் இறங்காது, வாஸ்தவம். இறங்குவது இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கில். அங்கே அடைத்திருக்கும் சிமென்ட் கலவையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அதற்குப் பின்னால் பூச்சு, அதற்கும் பின்னால் செங்கல். எல்லாமே உறிஞ்சுகிற ஜாதிதான். குளிக்கிற தண்ணீர் இப்படியே நடந்து அடுத்த அறைச் சுவரில் ஓதமாக வெளியே வருகிறது. ஈரம் காயும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து, பெயின்ட்டைத் தள்ளுகிறது.

இதில் நம் வீட்டுப் பெண்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. கறை போகிறது என்று வாராவாரம் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறீர்களே, அது கறையை மட்டுமா தின்னும்? இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் அரித்துவிடும். சிலர் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நல்ல நுரையீரலையே திணறடிக்கும் நச்சு அது. இழுப்பு உள்ள பிள்ளை பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த இடுக்கில் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் நல்லது. சில நிமிஷத்தில் நிறம் கறுத்தால் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஓதம் எங்கிருந்து என்று குழப்பமா? அந்தச் சுவரில் ஒரு முழச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை; ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

முதலில் குழாய்க் கசிவு, தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சுற்றியுள்ள விரிசல் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். பொரிந்துபோன பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். கையில் காசிருந்தால் எபாக்சி கலவை நல்லது, அது தண்ணீரை உறிஞ்சாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிக்கோன் அடைப்பு போடச் சொல்லுங்கள். அங்கே சிமென்ட் நிற்காது, வெடித்துவிடும். சிமென்ட் கலவைதான் என்றால், அது நன்றாக இறுகிக் காய்ந்த பிறகு சீலர் பூசலாம். ஒருமுறை பூசினால் ஆயுசுக்கும் இருக்காது. சொட்டுத் தண்ணீர் சோதனையில் மறுபடி கறுத்தால் திரும்பப் பூசவேண்டியதுதான். வாசனை அடங்கும்வரை பிள்ளையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஈரச் சுவரின் மேல் மட்டும் எதையும் பூசிவிடாதீர்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் 'தண்ணீரே புகாது' என்று ஒருவர் சொன்னதை நம்பி கெட்டியான பெயின்ட் அடித்தேன். அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது! வெளியேற வழியில்லாத ஈரம் வேறென்ன செய்யும்? மழை அடிக்கும் வெளிப்பக்கச் செங்கல் சுவருக்கு, துளைக்குள் இறங்கித் தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடுகிற சிலேன் வகைப் பூச்சுகள் இருக்கின்றன. நம் முன்னோர் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். திரிபலாவில் சேரும் அதே கடுக்காய்தான்! அந்தச் சுண்ணாம்புச் சுவரும் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அப்படிப்பட்ட பழைய வீட்டில் இருப்பவர்கள் அதன்மேல் சிமென்ட் பூச்சோ ஆயில் பெயின்ட்டோ போட்டு மூச்சை அடைக்காதீர்கள்.

பூஞ்சணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். உதிர்கிற பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். முக்கியமாக, சுவர் வேலை நடக்கிறதே என்று டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தப் பையன் வீட்டில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கட்டிலை மட்டும் அன்றைக்கே வேறு அறைக்கு மாற்றினார்கள். சுவர் காய்ந்து, மாசிக் கடைசியில்தான் கொத்தனார் வந்தார். அடுத்த ஐப்பசியில் பையன் ஒரே ஒரு முறை வந்தான், சளிக்காக. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி தூங்குகிறான் என்று அந்த அம்மா சொன்னார். கூடவே, "சமையலறை சிங்க் ஓரத்துலயும் லேசா கறுப்பா இருக்கு டாக்டர், அதையும் பார்க்கணுமா?" என்று கேட்டார்.

பார்க்கத்தான் வேண்டும்!