அடைக்கோழியும் லயன் வீடும்: நோர்வூட் தோட்டப்புறம் பற்றிய ஒரு நோக்கு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்தது நோர்வூட். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரம். காசல்ரீ நீர்த்தேக்கம் அண்மையிலேயே உளது. இப்பகுதித் தோட்டங்களின் லயன் வீடுகளில், அடுப்படி மூலையிற் பழையதொரு கொழுந்துக் கூடையில் ஊர்க்கோழி அடைகிடத்தல் எவரும் வியந்து நோக்காத காட்சி. பல தலைமுறைகளாக நம் மக்களின் புழக்கடையில் நிகழ்ந்து வரும் இச்செயலை உயிரியல் அறிவோடும் வழக்காற்று அறிவோடும் பொருத்திப் பார்ப்பதே நாம் ஈண்டு மேற்கொண்ட முயற்சியாகும்.

தமிழிலக்கியத்துக்கு இக்கோழி புதியதன்று. குறுந்தொகை 139 ஆம் பாடலில், மாலைப்பொழுதில் வேலிப்புறத்து வெருகினைக் கண்டு அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் மனைக்கோழியை ஒக்கூர் மாசாத்தியார் உவமையாக எடுத்தாண்டுள்ளார். தொல்காப்பிய மரபியல் முதல் நூற்பா எண்ணும் ஒன்பது இளமைப் பெயர்களுள் பார்ப்பும் பிள்ளையும் உள. இன்று நாம் வழங்கும் 'குஞ்சு' இல்லை. பேச்சு வழக்கோ இவ்விடயத்தில் வளமுடையது. 'அடைக்கு வைத்தல்', 'அவயம் வைத்தல்' என்பன தமிழகத்து ஊர்ப்புற வழக்குகள். கருவுறாது கெட்ட முட்டை 'கூழ்முட்டை'. அச்சொல் பின்னர் அறிவிலிக்கும் பெயராயிற்று.

கோழி அடைக்கு வருதல் என்பது யாது? நாடோறும் முட்டையிட்டு வந்த கோழி, கூட்டில் முட்டைகள் நிறைந்த நிலையில், கபச்சுரப்பியிலிருந்து புரோலற்றின் என்னும் ஓமோன் மிகுதியாகச் சுரக்கப்பெறுகின்றது. அதன் விளைவாகச் சூலகம் சுருங்குகின்றது; முட்டையிடல் நின்றுபோகின்றது. மார்பின் அடியில் இறகு உதிர்ந்து, குருதியோட்டம் மிக்க தோல் வெளிப்படுகின்றது. முட்டைக்கு நேரே சூடு ஊட்டும் உறுப்பு இதுவே. அணுகுவோர்மீது சிலிர்த்துக் கொத்துவதும், குரல் மாறிக் 'கொக் கொக்' என்று அடித்தொனியில் ஒலிப்பதும் அதே ஓமோனின் வேலையெனலாம். நாளுக்கு ஒரு முறை, கால்மணி நேரமளவில், இரைக்கும் நீருக்கும் எழுந்து செல்லும். ஏனைய நேரமெல்லாம் கிடையே. எனவே 21 நாள்களில் கோழி கணிசமாக மெலிந்துவிடும். இரையையும் நீரையும் கூட்டுக்கு அருகிலேயே வைக்கும் வீட்டுப் பெண்கள் ஓமோனின் பெயரை அறியாராயினும் செய்வது சரியேயாம்.

பத்து முட்டைகள் பத்து நாள்களில் இடப்படினும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளிற் பொரிப்பது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். முட்டை இடப்படும்போதே கரு பல்லாயிரம் கலங்களாகப் பிரிந்துள்ளது. ஆயினும் வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழாயின் அது உறங்குநிலையிற் கிடக்கும்; தாய்க்கோழி முழுமையாக அமர்ந்து, முட்டை 37, 38 பாகை அளவில் சூடேறிய பின்னரே சீராக வளரத் தொடங்கும். இவ்விடத்தில் மலைநாட்டுக்கு இயற்கை ஒரு நன்மையைச் செய்துள்ளது. நோர்வூட்டின் இரவுகள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குக் கீழானவை. தாழ்நில வெப்பத்தில், சேமித்து வைத்த முட்டையிற் கரு அரைகுறையாக வளர்ந்து மடிதல் உண்டு. இங்கோ அரிசிப் பானையில் அல்லது சாம்பற் சட்டியில் வைத்த முட்டை ஒரு வாரத்துக்கும் மேலாகப் பழுதின்றி இருக்கும்.

குளிர் தரும் நன்மையை ஈரம் பறித்துக்கொள்கின்றது. முட்டை ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்டுளைகளூடாக ஒட்சிசன் உட்செல்ல, காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியேறுகின்றன. பொரிக்கும் காலத்துக்குள் முட்டை தன் நிறையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நீராக இழத்தல் வேண்டும். அங்ஙனம் இழந்தாலன்றி அகன்ற முனையிலுள்ள காற்றறை போதிய அளவு பெருகாது. குஞ்சின் முதல் மூச்சோ அவ்வறைக் காற்றே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்து, சுவரும் தரையும் கசியும் லயன் அறையில் இந்நீரிழப்புக் குறையக்கூடும். அடுப்படி மூலையைத் தேர்ந்தெடுத்த வழக்கத்தின் பொருள் இதுவென நாம் கருதுகின்றோம். வைக்கோல் கிடைக்காத தேயிலைச் சீமையில் உலர்ந்த மானாப்புல் படுக்கையாகின்றது. அதன் அடியில் இடும் அடுப்புச் சாம்பல் ஈரத்தை உறிஞ்சுவதோடு பேனையும் அகற்றும்.

கூடையில் ஓர் இரும்புத்துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் இடுதல் தமிழரிடையே பரந்து காணப்படும் வழக்கம். இடியோசை முட்டையைக் கெடுக்காது என்பர். இடியோசையாற் கரு இறக்கும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் இடிக்கு வெருண்ட கோழி எழுந்தோடி, நெடுநேரம் திரும்பாது முட்டை குளிர்ந்துபோதல் இயலக்கூடியதே. காப்பது இரும்பன்று, கூடைமேற் கவிழ்க்கும் சாக்கும் இருளுமே. முட்டைகளை ஒற்றைப்படையில் வைத்தல் எனும் மரபுக்கு நாம் யாதொரு காரணமும் கண்டிலம். எண்ணிக்கை கோழியின் இறக்கைக்குள் அடங்குதலே வேண்டுவது. சிற்றுருவக் கோழிக்கு எட்டு முதல் பன்னிரண்டு போதும். இரவில் வைத்தல் மட்டும் பயனுள்ளது. இருளிற் கோழி கலவரமின்றி அமர்ந்துகொள்ளும்.

ஏழாம் நாள் டோர்ச் ஒளியில் முட்டையைப் பிடித்துப் பார்ப்பின், உயிருள்ளதிற் சிலந்திவலை போன்ற செந்நரம்புகள் தோன்றும். வெறுமையாய்த் தெளிந்து தோன்றுவதை நீக்கிவிடலாம். கோழி நாளிற் பல தடவை அலகால் முட்டைகளை உருட்டுவது, கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளாமைக்கே. பதினெட்டாம் நாளுக்குப் பின் கையிடலாகாது. குஞ்சு காற்றறையைத் துளைத்து மூச்செடுத்து, ஓட்டினுள்ளிருந்தே கீச்சிடும். தாய் மறுமொழி தரும். அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டை உடைத்து வெளிவர அரை நாளுக்கு மேலும் ஆகலாம். பொறுமையிழந்து ஓட்டை உரிப்போர் குஞ்சைக் கொல்வோராவர். மஞ்சட்கருவின் எச்சம் வயிற்றினுள் முற்றும் இழுக்கப்படுமுன் உரித்தாற் குருதி கசியும். அவ்வெச்சமே இரண்டு மூன்று நாள்களுக்குக் குஞ்சின் உணவுமாகும். பொரித்த அன்றே இரையிடவில்லையென வருந்த வேண்டியதில்லை.

வளர்ப்பின் இடர்ப்பாடு இதன் பின்னரே. முதல் வாரத்திற் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை வெப்பம் தேவை; தன் உடற்சூட்டைத் தானே பேண அதற்குச் சில வாரங்கள் செல்லும். மின்விளக்கால் இதனைச் செய்வதாயின் செலவும் இடையறாத கவனிப்பும் வேண்டும். காலையிற் கூடையைச் சுமந்து மலைக்கேறி மாலையில் மீளும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அக்கவனிப்பு கைகூடாதது. அவள் இல்லாத வேளையிற் குஞ்சைச் சிறகில் ஒடுக்குவதும், இரையைக் கொத்திக் காட்டுவதும், பருந்து நிழலிட்டாற் குரல் கொடுப்பதும் அடைக்கோழியே. கூலியின்றி நிகழும் இவ்வேலையைக் கணக்கிடாது ஊர்க்கோழியை 'முட்டை குறைந்த இனம்' என்று மட்டும் மதிப்பிடுதல் நேர்மையாகாது. வெள்ளை லெகோர்ன் முதலிய முட்டையினங்களில் அடைக்குணம் தெரிவினப்பெருக்கத்தால் பெரிதும் நீக்கப்பட்டது. அவை ஆண்டுக்கு இருநூற்றைம்பதுக்கு மேலும் இடும். ஆயின் அவற்றின் அடுத்த தலைமுறைக்குப் பொரிப்பகத்தையே நாடவேண்டும்.

இவ்வேறுபாட்டின் கனம் 2022 இல் உணரப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் தீவனம் அருகி விலையேற, பண்ணைகள் நலிந்து, 2023 இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் முட்டை முதலில் விலக்கப்படும் உணவுகளுள் ஒன்று. அதன் இழப்பு கருவுற்ற தாயையும் குழந்தையையுமே சாரும். அடைக்கிருக்கும் ஒரு கோழி அந்நிலையை மாற்றிவிடும் என நாம் கூறவில்லை. வெளியிலிருந்து குஞ்சும் தீவனமும் வராத காலத்திலும் பெருகவல்லது அது ஒன்றே என்பதையே கூறுகின்றோம்.

பெருக்கத்தை முறிப்பன இரண்டு நோய்கள். ஈரத்தரையிற் பரவும் இரத்தக்கழிச்சலைப் படுக்கையை அடிக்கடி மாற்றித் தணிக்கலாம். நியூகாசில் நோயோ லயனில் ஒரு கோழிக்கு வந்தால் வரிசை முழுவதையும் வெறுமையாக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. குளிரிற் பேணவேண்டிய அம்மருந்துக் குப்பி நூறு, நூற்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அளவானது. திறந்தபின் வைத்திருக்கவும் இயலாது. ஐந்து கோழி உடைய ஒரு வீட்டார் அதனை வாங்கத் தயங்குதல் இயல்பே. லயன் முழுவதும் ஒரே நாளிற் போட்டுக்கொள்ளுமாயின் செலவு பகிரப்படும்; நோயும் வீடுவிட்டு வீடு தாவாது.

அடைக்கு விட விரும்பாத கோழியின் மூக்கில் இறகு செருகும் வழக்கம் கொடியது, பயனுமற்றது. அடியிற் காற்றோட்டமுள்ள கூண்டில் சில நாள் வைப்பின், மார்பு குளிர்ந்து ஓமோன் தணிந்து, கோழி மீண்டும் முட்டைக்குத் திரும்பும். குஞ்சு பொரித்த கோழியோ இரண்டு மாத அளவில் தானாகவே குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். அன்றிலிருந்து அவை தனித்து இரை தேடும்; தாய் மறுபடி சேவலோடு சேர்ந்து, சில நாள்களில் அதே கூடையைத் தேடி வரும்.