பள்ளிக்கரணை: சதுப்பு நிலம் நகரமான கதை

ஒரு வாளியில் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நீர் ஊற்றுங்கள். அதில் செங்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நீர்மட்டம் உயர்ந்து, இறுதியில் வெளியே வழிகிறதல்லவா? சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் நடந்ததும் இதுவே.

கடற்கரை மணல்மேடுகளுக்கு மேற்கே தாழ்ந்து கிடக்கும் இச்சதுப்பு நிலத்தை மக்கள் 'கழுவெளி' என்றனர். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், ஏரிகள் நிரம்பி வழிந்து இங்கு வந்து சேரும். பின்பு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்கும். தரை ஏறத்தாழச் சமமாக இருப்பதால் நீர் விரைந்து ஓடாது. எனவே அது தங்கிச் செல்ல இடம் வேண்டும்.

எவ்வளவு நீர் தங்கும்? ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் 100 கோடி லிட்டர். முன்பு இச்சதுப்பின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர் என்பர். அப்படியானால் 5,000 கோடி லிட்டர்!

பயிர் விளையாததால் இது 'பயனற்ற நிலம்' எனக் கருதப்பட்டது. சாலை போட்டனர், மண் கொட்டினர். 1980-களிலிருந்து பெருங்குடிப் பகுதியில் நகரக் குப்பை குவிந்தது. தொழிற்பேட்டை, குடியிருப்புகள், ரயில் நிலையம், மென்பொருள் நிறுவனங்கள் என ஒவ்வொன்றாக வந்தன. கடலையும் காற்றையும் ஆராயும் தேசிய நிறுவனங்கள்கூட இங்குதான் வளாகம் அமைத்தன. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது சற்று வெட்கமாகவே உள்ளது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 250 சதுர கிலோமீட்டரிலும் அவ்வளவே பெய்ததாகக் கொண்டால், நீரின் அளவு 12,250 கோடி லிட்டர். பழைய சதுப்பு இதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாங்கியிருக்கும். வெள்ளம் அறவே வந்திராது என்று கூற முடியாது. ஆனால் வேளச்சேரி வீடுகளில் புகுந்த நீர் வெகுவாகக் குறைந்திருக்கும்.

2007-ல் இதன் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பரப்பு சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். அது எவ்வளவு நீரைத் தாங்கும்? மேலே கண்ட முறையில் நீங்களே கணக்கிடுங்கள்.

உங்கள் ஊரிலும் ஏரி, தாங்கல், மடுவு என்று முடியும் தெருப்பெயர்கள் இருக்கலாம். மழை நாளில் அங்கே சென்று, நீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பெரியவர்களிடம் அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.