ஆப்ஸை எல்லாம் தள்ளித் தள்ளி மூடுறீங்களா? பேட்டரி அதனால நிக்காது பாஸ்!

இரவு 10 மணி. கிளாம்பாக்கத்துல ஊருக்கு பஸ் ஏறப் போறீங்க. டிக்கெட் போன்ல இருக்கு, பணமும் யு.பி.ஐ-லதான். பேட்டரியோ 4 சதவிகிதம். அந்த நேரத்துல நாம எல்லாரும் பண்ற முதல் வேலை என்ன? திறந்திருக்கிற ஆப்ஸை வரிசையா மேலே தள்ளி மூடுறது. 'கிளியர் ஆல்' கொடுத்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்க... அந்த நிம்மதி மட்டும்தான் மிச்சம். சார்ஜ் மிச்சமாகாது.

2016-ல ஐபோன் வெச்சிருந்த ஒருத்தர் இதே சந்தேகத்தை ஆப்பிள் சி.இ.ஓ டிம் குக்குக்கே மெயில்ல கேட்டார். 'நீங்க அடிக்கடி ஆப்ஸை மூடுவீங்களா, பேட்டரிக்கு அது தேவையா?' ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் அனுப்பினார். ரெண்டு கேள்விக்குமே 'இல்லை'. ஆண்ட்ராய்டு பக்கம் பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் இதையே வழிமொழிந்தார்.

காரணம் சிம்பிள். அந்த வரிசையில தெரியுற ஆப்ஸ்ல பெரும்பாலானவை ஓடிக்கிட்டு இல்லை, ரேம்ல உறைஞ்சு கிடக்குது. ரேம் நிறைஞ்சிருந்தாலும் காலியா இருந்தாலும் அது இழுக்குற கரன்ட்ல பெரிய வித்தியாசம் இல்லை. நீங்க மூடிட்டு மறுபடி திறக்கும்போதுதான் முதல்ல இருந்து எல்லாத்தையும் லோடு பண்ணணும். தினமும் எடுக்குற அஞ்சறைப்பெட்டியை ஒவ்வொரு தடவையும் பரண்ல ஏத்தி இறக்குற மாதிரி!

அப்போ சார்ஜை யார்தான் குடிக்கிறாங்க? ஸ்க்ரீன் அணைஞ்ச பிறகும் லொகேஷன் பார்க்குற, டேட்டா இழுக்குற சில ஆப்ஸ். பெரும்பாலும் ரெண்டு மூணுதான் இருக்கும். நீங்க தள்ளி மூடினாலும் ஒரு நோட்டிஃபிகேஷன் சாக்குல இது மறுபடி எழுந்து உட்கார்ந்துக்கும். 2015-ல வந்த ஆண்ட்ராய்டு 6-லயே, போன் சும்மா கிடக்கும்போது ஆப்ஸைத் தூங்கவைக்கும் 'டோஸ்' வசதி வந்துடுச்சு. 2018-ல ஆண்ட்ராய்டு 9, நீங்க அதிகம் தொடாத ஆப்ஸைக் கவனிச்சுக் கட்டுப்படுத்துற 'அடாப்டிவ் பேட்டரி'யைக் கொண்டுவந்தது. அதையும் மீறுற சிலதை நாமதான் பிடிக்கணும்.

செட்டிங்ஸ்ல பேட்டரிக்குள்ள போய் 'பேட்டரி யூசேஜ்' பாருங்க. அதிகம் பயன்படுத்துற ஆப் மேல இருந்தா தப்பில்லை, அஞ்சு மணி நேரம் ரீல்ஸ் பார்த்தா அது மேலதான் இருக்கும். நீங்க திறக்கவே இல்லாத ஆப் மேல இருக்கா, அதுதான் ஆள். என் போன்ல மாட்டினது, எப்பவோ ஒரு தள்ளுபடிக்காக இறக்கின ஷாப்பிங் ஆப். இன்ஸ்டால் பண்ணதே மறந்துபோச்சு!

ஆளைப் பிடிச்சாச்சுன்னா, ஆப் ஐகானை அழுத்திப் பிடிச்சு 'ஆப் இன்ஃபோ'வுக்குப் போங்க. அதுல பேட்டரி பகுதியில 'ரெஸ்ட்ரிக்டட்' கொடுங்க. சாம்சங்ல 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' உள்ளே போய் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியல்ல சேர்த்துட்டா, நீங்க திறந்தால் மட்டும்தான் ஓடும். ஷாவ்மி மாதிரி சில போன்கள்ல 'ஆட்டோ ஸ்டார்ட்'டையும் அணைக்கணும். ஐபோன்னா, ஜெனரலுக்குள்ள 'பேக்ரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ்'. எந்த போனா இருந்தாலும் லொகேஷன் அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்'னு மாத்திடுங்க. தேவையே இல்லாத ஆப்னா அன்இன்ஸ்டால்தான் பெஸ்ட்.

ஆனா ஆர்வக்கோளாறுல எல்லாத்தையும் பூட்டிடாதீங்க. வாட்ஸ்அப்பைப் பூட்டினா அம்மா அனுப்புற மெசேஜ் நீங்க திறக்குறப்போதான் வந்து சேரும். தனியா ஒரு அலாரம் ஆப் வெச்சிருந்தீங்கன்னா, அதைப் பூட்டின மறுநாள் காலை இன்டர்வியூ இருந்தா கதை கந்தல். மாத்திரை நினைவூட்டல், சர்க்கரை அளவு பார்க்கும் ஆப் எல்லாத்தையும் விட்டுடுங்க.

அப்புறம் இந்த 'பேட்டரி சேவர்', 'ரேம் கிளீனர்' ஆப்ஸ். ஸ்டோர்ல கொட்டிக் கிடக்குது. பேட்டரியைக் காப்பாத்துறேன்னு சொல்லிட்டு அதுவே பேக்ரவுண்டுல உட்கார்ந்து விளம்பரம் காட்டும். தூக்கிப் போடுங்க. போன்லயே இருக்குற பேட்டரி சேவர் மோடு போதும். பஸ்ல, ரயில்ல சிக்னல் வந்து வந்து போகுற இடங்கள்ல போன் டவரைத் தேடித் தேடியே களைச்சுப்போகும். அங்கே ஏரோப்ளேன் மோடு போட்டுட்டுத் தூங்குங்க, இறங்குற ஊர் நெருங்குறப்போ எடுத்துக்கலாம்.

இவ்வளவும் பண்ணியும் மதியத்துக்கு மேல தாங்கலைன்னா, ஆப்ஸ் மேல தப்பில்லை, பேட்டரிக்கே வயசாகிடுச்சு. ஐபோன்ல 'பேட்டரி ஹெல்த்' பாருங்க. 80 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியிருந்தா மாத்தவேண்டிய நேரம். ஆண்ட்ராய்டுலயும் சில மாடல்கள்ல இது தெரியும். புது போன் வாங்குறதுக்கு முன்னாடி, சர்வீஸ் சென்டர்ல பேட்டரி மட்டும் மாத்த எவ்வளவு ஆகும்னு ஒரு தடவை கேட்டுடுங்க.