வீராணம்: மேட்டுக்கும் சமவெளிக்கும் நடுவே

நீங்கள் நிற்கும் இந்த ஏரிக்கரை, 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் எழுந்தது. கிழக்கே விரிவது கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேற்கே நிலம் மெல்ல மேடாகிறது; அப்பால் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகள். ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கிளிஞ்சல் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன.

மேடு இறங்கிச் சமவெளியாகும் விளிம்பில், சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள். அதனால்தான் ஏரி நீண்டு கிடக்கிறது. பார்வைக்குத்தான் கடல், ஆழம் குறைவு.

கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு ஏரிக்கு நீர் தருகிறது. 2004 முதல் சென்னையும் அதைக் குடிக்கிறது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வந்து சேரும். அவை மேட்டு மண்ணையும் அரித்துக்கொண்டு வருவதால் ஏரி தூர்ந்துகொண்டே போகிறது.