தரையில் உட்கார்ந்தே பறக்கப் பழகலாம்!



இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட் லிஸ்ட்டைப் பார்த்தீர்களா? மருந்து தெளிக்கும் ட்ரோன், போட்டோ எடுக்கும் ட்ரோன், ஏரியை அளக்கும் ட்ரோன் என்று எங்கே பார்த்தாலும் ட்ரோன்தான். ஃபிரேம் வாங்குவது, மோட்டார் பூட்டுவது, சால்டரிங் வைப்பது எல்லாம் நம்ம பசங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் "செஞ்சு முடிச்சப்புறம் ஓட்டப்போறது யாருப்பா?" என்று கேட்டால் பாதி பேட்ச் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும். நம் டிபார்ட்மென்டில் சிமுலேட்டரில் பழகி வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஏன் நேரே மைதானத்துக்குப் போகக் கூடாது?

முதல் காரணம் நாம் இருக்கும் ஊர். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றுமே மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து 12 கி.மீ. வட்டத்துக்குள் வருபவை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள இடத்தில், வேறு தடை இல்லாவிட்டால், அந்த வரம்பு 200 அடி. அதற்கும் கிட்டே வந்தால் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. சிவப்பில் சொல்லவே வேண்டாம். எங்கே என்ன நிறம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்படியே பச்சையாக இருந்தாலும், நடேசன் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் மாலை நேரத்தில் இருக்கும் ஜனங்களின் தலைக்கு மேல் பழகுவது நியாயமா?

இரண்டாவது காரணம் விரல். 2300 கே.வி. மோட்டாரை 14.8 வோல்ட் பேட்டரியில் போட்டால் கணக்குப்படி நிமிஷத்துக்கு 34,040 சுற்று. இறக்கை பூட்டியபின் குறையும் என்றாலும், அது சுற்றும் கத்திதான். லித்தியம் பாலிமர் பேட்டரி அடிபட்டு நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, நம்ம பர்ஸ். கம்ப்யூட்டரில் நூறு தடவை விழுந்தாலும் ஒரு பட்டனைத் தட்டினால் மறுபடி எழுந்து நிற்கும். நிஜத்தில் ஒரே ஒரு தடவை விழுந்தால், நாலு பேர் பங்கு போட்டு வாங்கியது போச்சு!

பழைய யோசனைதான்

தரையிலேயே பறக்கப் பழகுவது இன்றைக்கு நேற்று வந்த யோசனை அல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-லேயே ஒரு பயிற்சி விமானம் செய்தார். அவருடைய அப்பா பியானோ, ஆர்கன் தயாரிப்பவர். அந்த ஆர்கன் துருத்திகளையே வைத்து, தரையில் நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய பெட்டியை மகன் உருவாக்கினார். ஆரம்பத்தில் அதை வாங்க ராணுவம் முன்வரவில்லை. 1934-ல் தபால் ஏற்றிச்சென்ற ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. உயிர்கள் போன பிறகுதான் பயிற்சிப் பெட்டியின் அருமை தெரிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூளைக்கு அல்ல, விரலுக்குப் பாடம்

பொதுவாகப் பயன்படும் 'மோடு 2' ரேடியோவில் இடது குச்சியை மேலே தள்ளினால் ட்ரோன் ஏறும். பக்கவாட்டில் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். வலது குச்சியை முன்னே தள்ளினால் முன்னே போகும்; பக்கவாட்டில் தள்ளினால் பக்கமாகச் சாய்ந்து நகரும். நாலு மோட்டாரில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றும். ஒரு ஜோடியின் வேகத்தைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் ட்ரோன் திரும்புகிறது. இதைப் பத்து நிமிஷத்தில் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம்.

கஷ்டம் எங்கே வருகிறது? ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பும்போது! அப்போது வலது குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ட்ரோன் நமக்கு இடப்பக்கம் போகும். யோசித்து, கணக்குப் போட்டு, அப்புறம் குச்சியைத் தொடுவதற்குள் அது சுவரில் மோதியிருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். 'லோயர்' பாஸ் செய்தவர் எழுத்து எங்கே இருக்கிறது என்று யோசிப்பதில்லை, விரல் தானாகப் போகிறது. சிமுலேட்டர் தருவது அந்தப் பழக்கத்தைத்தான்.

என்னென்ன வேண்டும்?

ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் ஒன்று, யூ.எஸ்.பி. மூலம் ஜாய்ஸ்டிக்காக இணையும் ரேடியோ ஒன்று. ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் கேபிள் முதல் பழைய கம்ப்யூட்டர் வரை கிடைக்கும். கீபோர்டில் மட்டும் பழகாதீர்கள். கீ என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. குச்சியோ தலைமுடி அளவு அசைவையும் உணரும். எந்த ரேடியோவில் நிஜ ட்ரோனை ஓட்டப்போகிறீர்களோ அதிலேயே பழகுவது உத்தமம்.

ரியல்ஃப்ளைட், லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் ஆகியவை காசு கொடுத்து வாங்க வேண்டிய சிமுலேட்டர்கள். நம் புராஜெக்டுக்கு இன்னும் பொருத்தமான இலவச வழி ஒன்று உண்டு. ஆர்டுபைலட் மென்பொருளில் 'சிட்டில்' என்ற வசதி இருக்கிறது. நிஜ ட்ரோனுக்குள் ஓடும் அதே புரோகிராமைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மிஷன் பிளானரில் போட்ட பாதை சரியா, பேட்டரி குறைந்தால் ட்ரோன் வீடு திரும்புமா என்பதையெல்லாம் ஒரு ஸ்க்ரூகூட வாங்காமல் சோதித்துவிடலாம்.

ஒரு மாதப் பயிற்சி

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் இருபது நிமிஷம் மேல். நான் சிபாரிசு செய்யும் வரிசை இது:

முதல் வாரம்: வால் நம் பக்கம் இருக்க, ஒரே உயரத்தில் நிற்க வைப்பது, மெதுவாக இறக்குவது.

இரண்டாம் வாரம்: இடப்பக்கம், வலப்பக்கம், கடைசியாக மூக்கு நம் பக்கம். மூக்கைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நிற்க வைக்க முடிகிறவரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

மூன்றாம் வாரம்: சதுரம், வட்டம், அப்புறம் எட்டு. டூவீலர் லைசென்சுக்கு எட்டுப் போடச் சொல்வது ஏன்? அதில் இடம், வலம் இரண்டு திருப்பமும் வந்துவிடுகிறது. இங்கேயும் அதே தத்துவம்தான்; கூடவே எல்லாத் திசையும் வந்துவிடும்.

நான்காம் வாரம்: காற்றைக் கூட்டி வையுங்கள். ஜி.பி.எஸ். உதவியை அணைத்துவிடுங்கள். ஜி.பி.எஸ். இருக்கும்வரை குச்சியை விட்டாலும் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். அது போனால் காற்றோடு நகர ஆரம்பிக்கும். அந்த நிலையில் பத்து தடவை பத்திரமாக இறக்கிக் காட்டுபவர்தான் மைதானத்துக்கு வரலாம்.

சிமுலேட்டர் சொல்லித்தராதவை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இதற்கும் எல்லை உண்டு. தட்டையான திரையில் தூரம் சரியாகத் தெரியாது. கட்டடத்தைச் சுற்றி அடிக்கும் சுழல்காற்று, பேட்டரி தீரும்போது இழுவை குறைவது எல்லாம் திரையில் முழுசாக வராது. நேர்கீழே வேகமாக இறக்கினால் ட்ரோன் தான் தள்ளிய காற்றிலேயே மாட்டிக்கொண்டு ஆடி விழும். அப்போது த்ராட்டிலைக் கூட்டுவதைவிடப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே வருவதுதான் வழி. முக்கியமாக, பயம் வராது. பக்கத்தில் ஆள் நிற்கும்போது கை நடுங்குமே, அதை எந்தக் கம்ப்யூட்டரும் தராது.

இது மனிதருக்கு மட்டுமல்ல. சூரிக் பல்கலைக்கழகத்தார் 'ஸ்விஃப்ட்' என்ற செயற்கை அறிவு விமானியைச் சிமுலேட்டரில் பழக்கி, மூன்று பந்தய வீரர்களுடன் மோதவிட்டார்கள். 25 பந்தயங்களில் 15-ஐ அது ஜெயித்தது. 2023-ல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வந்தது. ஆனால் அதற்கும் நிஜப் பறப்பில் எடுத்த அளவுகளைக் கொடுத்து, திரைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆகவே சிமுலேட்டருக்குப் பிறகு 250 கிராமுக்கு மிகாத நானோ ட்ரோன். அதன் பிறகே நம் புராஜெக்ட் ட்ரோன். இதுதான் படிக்கட்டு.

நமக்கு என்ன லாபம்?

நம்ம ஊரே இதில் பேர் வாங்கிய ஊர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' அணி, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருக்க, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 2022-ல் தமிழ்நாடு அரசு ட்ரோன்களுக்கென்றே தனிக் கழகம் ஆரம்பித்தது. பத்தாம் வகுப்பு பாஸ், 18 வயது நிரம்பியிருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் படித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். அந்தப் படிப்பிலும் வகுப்பு, சிமுலேட்டர், களப்பயிற்சி என்று மூன்று உண்டு. கை ஏற்கெனவே பழகியிருந்தால் கட்டிய ஃபீஸ் வீணாகாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் பச்சை மண்டலத்தில் தங்கள் வளாகத்துக்குள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட 2021 விதிகளிலேயே விலக்கு இருக்கிறது. வழிகாட்டும் ஆசிரியரைக் கேட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். லேபில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் ஒன்று, பேரவை நிதியில் ரேடியோ இரண்டு. இவ்வளவு போதும், எல்லா பேட்சும் முறை வைத்துப் பழகலாம். ஆறு மாத உழைப்பு அறுபது நொடியில் நொறுங்குவதைத் தடுக்கலாம். யாருடைய விரலும் தலையும் காயப்படாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் விரல் பறக்கட்டும், பிறகு ட்ரோன் பறக்கட்டும்!



மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு