மூட்டுப் பொம்மை: கொள்முதலுக்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள்

மளிகைக் கடைக்காரருக்குப் பொம்மையைப் பற்றி என்ன கட்டுரை என்று உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். நம் ஊர்க் கடைகளை ஒரு சுற்று பார்த்து வந்தால் கேட்க மாட்டார்கள். ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் பந்து தொங்குகிறது, அதன் பக்கத்தில் பொம்மை தொங்குகிறது. பெருநாளுக்கு முந்தைய பத்து நாட்களில் பிள்ளைகள் கையில் காசு புரளும்போது, பருப்பு விற்கும் கடையிலும் பொம்மை விற்கிறது. அரிசி, பருப்பு, புளி இவற்றின் தரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மையை மட்டும் அட்டைப் பெட்டியின் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். நாமும் அப்படி வாங்கி நஷ்டப்பட்டவர்கள்தான்.

இப்போது அதிகம் கேட்கப்படுவது மூட்டுப் பொம்மை. கை, கால், முழங்கை, முழங்கால், மணிக்கட்டு எல்லாம் தனித்தனியே திரும்பும். உட்காரும், நிற்கும், தலையைச் சாய்க்கும். செல்போனில் பார்த்துவிட்டுப் பெண்பிள்ளைகள் கேட்கிறார்கள். கொழும்பு, ஹாங்காங் என்று வியாபாரத்துக்குப் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டு கொண்டுவந்து கொடுத்தால், அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடத்தில் பந்துக் கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். நம் தோளும் இடுப்பும் அந்த வகை. ஓர் உருண்டை ஒரு குழிவில் அமர்ந்து எல்லாப் பக்கமும் சுழலும். இந்தப் பொம்மையின் ஒவ்வொரு மூட்டும் அப்படித்தான். உடம்பு முழுக்க உள்ளே கூடு. தலையிலிருந்து கால்வரை எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிற்றின் இழுவைதான் எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. கயிற்றை அறுத்தால் பொம்மை பத்துப் பதினைந்து துண்டாகக் கையில் வந்துவிடும்.

இது புதுச் சரக்கு அல்ல. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பீங்கான் தலையும், காகிதக் கூழ், மரத்தூள், பசை சேர்த்துச் செய்த உடம்பும், உருண்டை மூட்டும், எலாஸ்டிக் கயிறும் கொண்டு பொம்மை செய்து பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். இன்றைய வடிவம் 1999-இல் ஜப்பானில் வோல்க்ஸ் என்ற நிறுவனம் ரெசின் என்னும் கெட்டியான வார்ப்புப் பொருளில் செய்து விற்றதிலிருந்து பரவியது. பிறகு கொரியாவிலும் சீனாவிலும் செய்யத் தொடங்கினார்கள். அசல் ரெசின் பொம்மை பல்லாயிரம் ரூபாய். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சேகரிப்பு வைத்திருக்கும் பெரியவர்கள். நம் கடைக்கு வருவது அதைப் பார்த்து பிளாஸ்டிக்கில் செய்த மலிவுச் சரக்கு. மலிவு என்பதால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மலிவிலும் நல்லது உண்டு. பொறுக்கத் தெரிய வேண்டும்.

முதலில் நாம் கெட்ட கதையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பெருநாளை ஒட்டிச் சென்னை பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் பத்து டஜன் மூட்டுப் பொம்மை எடுத்தோம். வழக்கமான விலையில் பாதிதான் சொன்னார்கள். பில் கேட்டால் விலை கூடும் என்றார்கள். பில் இல்லாமலே எடுத்தோம். பெட்டியில் எந்த முத்திரையும் இல்லை. சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. கயிறு தொய்ந்து கால் தொங்கியவை சில, துருக்கறை துணியில் இறங்கியவை சில. அதுவரை பணநஷ்டம் என்றுதான் நினைத்தோம். ஒரு நாள் மாலை ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்று, கைக்குட்டையைப் பிரித்து ஒரு சிறிய பிளாஸ்டிக் கண்ணைக் காட்டினார். "காக்கா, சின்னவ வாயில கிடந்தது. லாத்தாக்காரி பார்த்து விரலை விட்டு எடுத்ததால தப்பிச்சா" என்றார். சின்னவளுக்கு இரண்டு வயது. பொம்மை வாங்கியது அவள் லாத்தாவுக்குத்தான். அந்தப் பெண் சண்டை போடவில்லை. காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அன்று இரவே சில்லறைக் கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி மிச்சமிருந்ததைத் திரும்ப எடுத்து, பணத்தைக் கொடுத்து, சரக்கை உடைத்துப் போட்டோம். பில் இல்லாததால் விற்றவரிடம் போய்க் கேட்க வழியில்லை.

இனி, பார்க்க வேண்டிய முறை. மாதிரி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து உடையைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையில் வேலை இல்லை. பெட்டியில் 13 மூட்டு, 20 மூட்டு என்று அச்சிட்டிருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். அடுத்து, மூட்டு உண்மையிலேயே கயிற்றில் நிற்கிறதா, ஆணியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுச் சரக்கில் பெரும்பாலும் வெளியே உருண்டைபோலத் தெரியும், உள்ளே ஒரு சிறு ஆணியோ பிளாஸ்டிக் கொண்டியோதான் இருக்கும். கதவுக் கீல்போல ஒரு பக்கம் மட்டும் மடங்கும். அதை வாங்கக் கூடாது என்றில்லை. சின்னப் பிள்ளைகள் முரட்டுத்தனமாக விளையாட ஆணி மூட்டே தாங்கும். ஆனால் ஆணி மூட்டைக் கயிற்று மூட்டின் விலைக்கு வாங்கக் கூடாது.

கயிற்று மூட்டு என்றால் கையை மெதுவாக ஒரு சென்டிமீட்டர் வெளியே இழுத்து விடுங்கள். சட்டென்று போய்க் குழிவில் அமர வேண்டும். மந்தமாகப் போனால் கயிறு ஏற்கெனவே தளர்ந்தது. அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டியிருந்தால் வேறு தொல்லை: முழங்காலை மடக்கி வைத்தால் தானே விலுக்கென்று உதைத்து நிமிர்ந்துவிடும். பிறகு மேசைமேல் பிடிமானம் இல்லாமல் நிறுத்திப் பாருங்கள். நல்ல பொம்மை நிற்கும். ஒரு கையைத் தூக்கி வைத்தால் தூக்கிய இடத்தில் நிற்க வேண்டும். உருண்டைக்கும் குழிவுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அச்சு சரியில்லை என்று பொருள். பிள்ளையின் தோல் அதில் சிக்கிக் கிள்ளும்.

கயிற்றை மாட்ட உள்ளே கொக்கி இருக்கும். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். உள்நாட்டு ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் இரும்புக் கொக்கி, காயல்பட்டினத்து உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். துரு கயிற்றை அரிக்கும், கழுத்து மூட்டு வழியே பழுப்பாக வழியும். எவர்சில்வர் கொக்கி கேளுங்கள். பாத்திரக் கடையில் பார்ப்பதுபோல ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேண்டாம்.

காந்தம் என்றதும் ஒன்று. சில பொம்மைகளில் மண்டையோட்டின் பின்பகுதி மூடிபோலக் கழன்று வரும், கண்ணை மாற்றுவதற்காக. அந்த மூடியைச் சிறு காந்தங்களால் ஒட்ட வைத்திருப்பார்கள். காந்தம் கழன்று பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்பிலிருந்து ஒன்றையொன்று இழுத்து நடுவிலுள்ள குடலை நசுக்கித் துளையிட்டுவிடும். அறுவைச் சிகிச்சை வரை போகும் விஷயம். காந்த மூடி உள்ள பொம்மையை நாம் அறவே எடுப்பதில்லை.

பிளாஸ்டிக்கை மூக்கால் சோதிக்கலாம். பெட்டியைத் திறந்ததும் மண்ணெண்ணெய்போலவோ பெயிண்ட்போலவோ நெடி அடித்தால் வைத்துவிடுங்கள். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையச் செய்ய தாலேட் என்ற வகை மென்மையூட்டிகளைச் சேர்ப்பார்கள். அவற்றில் சில பிள்ளைகளின் உடலுக்குக் கேடானவை என்பதால் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று நம் நாட்டுத் தர விதியிலும் உண்டு. இதைக் கடையில் அளக்க முடியாது. ஆனால் தொட்டால் பிசுபிசுக்கும் பொம்மை, நாள்பட வெளியே கசியும் பொம்மை. முகத்தின் வண்ணத்தை ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை தேயுங்கள். உதட்டுச் சிவப்பு துணியில் இறங்கினால் அது பிள்ளையின் நாக்கிலும் இறங்கும். முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையில் வரக் கூடாது. அச்சுக் கோடுகள் மேல் விரலை ஓட்டுங்கள். கூர்மையாக இருந்தால் கடையிலேயே தேய்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்று இறங்க வேண்டாம். ரெசின் தூள் மூச்சுக்கு ஆகாது.

நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடைசியாக 1961-இல் நடந்தது, துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துப் பருமன் வாரியாகப் பிரிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்தத் துளையில் விழுகிறது என்பதில் விலை தெரிந்துவிடும். பொம்மைக்கும் அப்படி ஓர் அளவுக் குழல் இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர், அடிப்பகுதி சாய்வு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை நினைத்து வைத்த அளவு. பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தத் துண்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அழுத்தாமல் அந்தக் குழலுக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அது அந்த வயதுப் பிள்ளை கையில் போகக் கூடாது. அந்தப் பெண் கொண்டுவந்த கண், குழலில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மூட்டுப் பொம்மையில் கண், செருப்பு, காதணி, மணிக்கட்டுத் துண்டு எல்லாம் இந்த அளவுக்குள் வரும். ஆகவே இது கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்ற பொம்மை அல்ல. கேட்டு விற்க வேண்டும். "வீட்டில் சின்னது இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி போதும்.

அடுத்தது சட்டம். 2020 பிப்ரவரியில் மத்திய அரசு பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. நம்மவர்கள் பலர், இது செய்கிறவனுக்கும் இறக்குமதி செய்கிறவனுக்கும் உள்ள சட்டம் என்று நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. முத்திரை இல்லாமல் விற்பதும், விற்பனைக்கு இருப்பு வைப்பதும், காட்சிக்கு வைப்பதும்கூடக் குற்றம் என்றது. முதல் முறைக்கே 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். 2023 ஜனவரியில், முந்தைய ஒரு மாதச் சோதனையில் பெரிய கடைகளிலிருந்து சுமார் 18,600 பொம்மைகளைக் கைப்பற்றியதாக அமைவனம் அறிவித்தது. கயிற்றில் தொங்கும் நான்கு பொம்மைக்காக 2 லட்சத்தை நாம் எங்கே போய்ப் புரட்டுவது?

முத்திரையைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வெறும் முத்திரை யார் வேண்டுமானாலும் அச்சடிப்பது. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால், யார் பெயரில் உரிமம், எந்தப் பொருளுக்கு, உயிரோடு இருக்கிறதா என்பது வந்துவிடும். நகைக்கடை நண்பர்களுக்கு இது பழக்கம்தான். "14 வயதுக்கு மேல்" என்று சிலர் பெட்டியில் ஒட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கென்றே செய்த பொம்மையில் அந்த ஒட்டு நிற்காது.

கைத்தொழிலாளர்களுக்கு விலக்கு உண்டு. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்வதற்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதன் பதிவுபெற்றவர்கள் செய்வதற்கும் இந்த ஆணை பொருந்தாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அப்படிப்பட்டது. அதுவும் ஒரு வகையில் மூட்டுப் பொம்மைதான், தலை தனி, உடம்பு தனி. கயிறும் இல்லை, கொக்கியும் இல்லை.

இறக்குமதிப் பொம்மையின் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. ஆகவே வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லிப் பாதி விலைக்கு ஒருவர் கொடுத்தால், கணக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பில்லில் உற்பத்தியாளர் பெயரும் உரிம எண்ணும் எழுதி வாங்குங்கள். மாதிரி பார்த்த பெட்டியோடு நிறுத்தாமல், கட்டின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் பாருங்கள். மேல் வரிசை மட்டும் நன்றாயிருப்பது நெத்திலிக் கூடைக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

வாங்கி வைத்த பிறகு, வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைக்காதீர்கள். ரெசினும் வெளிர் பிளாஸ்டிக்கும் வெயிலில் மஞ்சளாகும், திரும்ப வெளுக்காது. கறுப்பு, கருநீல உடை போட்டவற்றைப் பல மாதம் அப்படியே வைத்தால் சாயம் உடம்பில் ஏறும். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் என்னவாகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை நாம் எடுத்தது நான்கே டஜன். முத்திரை, எண், பில் எல்லாம் சரி. விலை முன்பைவிட இரண்டு மடங்கு, லாபம் குறைவு. இதுவரை ஒன்றுதான் திரும்பி வந்தது. பொம்மைக்குக் கறுப்பு முடி வேண்டுமாம், பழுப்பு முடி வேண்டாமாம். மாற்றிக் கொடுத்தோம்.