டிரை ஐஸ்: குளிரைவிடக் கணக்கே முக்கியம்

2020 டிசம்பரில் ஃபைசர்–பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசிக்கு அமெரிக்கா அவசர அனுமதி வழங்கியபோது, மருந்தைத் தயாரித்தவர்களைவிடக் கொண்டுசேர்ப்பவர்களுக்குத்தான் கவலை அதிகம். மைனஸ் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டிய மருந்து அது. அவ்வளவு குளிர் தரும் உறைபெட்டி பெரும்பாலான மருத்துவமனைகளில் கிடையாது. அமெரிக்காவின் கலமாசூவிலிருந்தும் பெல்ஜியத்தின் பூர்ஸிலிருந்தும் கிளம்பிய பெட்டிகளை மின்சாரமே இல்லாமல் குளிர வைத்தது, ஒவ்வொன்றிலும் நிரப்பிய ஏறத்தாழ 23 கிலோ டிரை ஐஸ். அந்தப் பெரும் விநியோகம் உணர்த்தியது இதுதான்: டிரை ஐஸை வாங்குவது எளிது, அது தீரும் நேரத்தைக் கணித்து நடப்பதே கடினம்.

டிரை ஐஸ் என்பது கட்டியாக்கிய கரியமில வாயு. கற்பூரம் போல, திரவமாகாமல் நேரே வாயுவாகிவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அதன் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி. ஒரு கிலோ தண்ணீர்ப் பனிக்கட்டி உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரு கிலோ டிரை ஐஸ் வாயுவாகும்போது சுமார் 571 கிலோஜூலை உறிஞ்சுகிறது. சரக்கு நனைவதும் இல்லை. ஆனால் குளிர்விப்பதும் கரைவதும் இங்கே ஒரே செயல். பெட்டி எவ்வளவு தடிமன், வெளியே எவ்வளவு வெயில், மூடியை எத்தனை முறை திறந்தார்கள் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள். அதனால்தான் ஃபைசர் பெட்டியை ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் திறக்கக் கூடாது, திறந்தால் 3 நிமிடத்துக்குள் மூட வேண்டும், அதிலேயே மருந்தைச் சேமிப்பவர்கள் 5 நாளுக்கு ஒருமுறை டிரை ஐஸை நிரப்ப வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள்.

கரைந்தது எங்கே போகிறது என்பதும் இதே கணக்கில் சேரும். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரிகிறது. காற்றுப் புகாமல் மூடினால் பெட்டி வெடிக்கும். வாயு வெளியேற வழிவிட்டால் அது வண்டிக்குள்ளோ அறைக்குள்ளோ தாழ்வாகத் தேங்கி மூச்சைத் திணறடிக்கும். விமானச் சரக்கு விதிகள் டிரை ஐஸை யூ.என். 1845 என்ற எண்ணில் ஆபத்தான பொருளாகப் பட்டியலிட்டு, எத்தனை கிலோ என்று பெட்டியின் மேல் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மின்சாரக் குளிர்சாதனமே போதாதா என்று கேட்கலாம். ஒரே லாரியில் நெடுந்தூரம் போகும் பெருஞ்சரக்குக்கு அதுவே மேல். லாரி, விமானம், கிடங்கு என்று கைமாறும் சிறு பெட்டிக்கு, பிளக் தேவைப்படாத குளிரே பாதுகாப்பு. டிரை ஐஸ் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்ற ஆட்சேபம் பாதியளவே சரி. இந்த வாயு பெரும்பாலும் அமோனியா, எத்தனால் ஆலைகளின் கழிவிலிருந்து பிடிக்கப்படுவது. அதைத் திரவமாக்கி இறுக்கும் மின்செலவு மட்டும் கூடுதல். உண்மையான பலவீனம் வேறு: 2020இல் ஊரடங்கால் அமெரிக்காவில் பெட்ரோல் விற்பனை சரிந்தது, அதில் கலக்கும் எத்தனாலின் ஆலைகள் முடங்க, கரியமில வாயு வரத்தும் சுருங்கியது.

அதிகக் குளிர் எப்போதும் நல்லது என்பதும் தவறு. அலுமினிய உப்பு சேர்ந்த பல தடுப்பூசிகள் உறைந்தால் வீரியம் இழக்கும். இந்தியா பெருமளவில் செலுத்திய கோவிஷீல்டும் கோவாக்சினும் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டியவை. டிரை ஐஸ் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஃபைசர் தடுப்பூசிக்கேகூட, புதிய சோதனை முடிவுகள் வந்ததும், 2021இல் சாதாரண உறைபெட்டியில் இரண்டு வாரம், குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதம் வரை வைக்க அனுமதி கிடைத்தது. ஆகவே, எத்தனை கிலோ டிரை ஐஸ் என்று கேட்பதற்கு முன், சரக்கு எந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அனுப்புபவர் சோதித்து அறிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கொட்டும் டிரை ஐஸ் செலவையும் ஆபத்தையும்தான் கூட்டும்.